பேட்டர்ன் ஃபைலைத் துண்டு துண்டாக்கி உலகம் முழுக்க வைத்தால் ரேன்சம்வேர் பயம் போய்விடுமா?

ஆம்பூர்_அப்பர்

ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி எங்களுடையது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில். தோல் வெட்டும் பேட்டர்ன், அதை சைஸ் வாரியாக மாற்றும் கிரேடிங் ஃபைல்கள், பையர் அனுப்பும் ஸ்பெக், ஷிப்பிங் பில், டேலி கணக்கு எல்லாம் சேர்த்து 2 டி.பி. அத்தனையும் ஒரே நாஸ் பெட்டியில், அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பகிர்ந்துகொள்ளும் ஸ்டோரேஜ் பெட்டியில். அந்தப் பெட்டி யூ.பி.எஸ். மேலே தோல் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் தெரிந்த ஒரு யூனிட்டில் பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் புகுந்து ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் எம்.டி.க்குத் தூக்கம் இல்லை. 'ஃபைலைத் துண்டாக்கிப் பல இடத்தில் வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்டோரேஜ் போடுங்கள், ஹேக்கர் அப்பன் வந்தாலும் அசைக்க முடியாது' என்று யாரோ அவரிடம் ஓதிவிட்டார்கள். போடலாமா, வேண்டாமா?

காட்பாடி_நோட்

தாராளமாகப் போடலாம் அண்ணே. ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே என்கிரிப்ட் ஆகி, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறி, அப்புறம்தான் துண்டாகும். இந்த சர்வீஸ் தரும் ஸ்டோர்ஜ் என்ற கம்பெனி தன் அமைப்பை விளக்கும்போது சொன்ன கணக்கு இது: ஒரு பகுதியை 80 துண்டாக்கி 80 இடத்தில் வைப்பார்கள், அதில் எந்த 29 கிடைத்தாலும் முழுசாகத் திரும்பி வரும். 51 இடம் ஒரே நாளில் படுத்தாலும் கவலையில்லை. 80 நகல் வைப்பதில்லை, மொத்தத்தில் மூன்று மடங்குக்கும் குறைவான இடம்தான் பிடிக்கும். இதன் அடிக்கணக்கு ரீட், சாலமன் என்ற இருவர் 1960-லேயே போட்டது. கீறல் விழுந்த சி.டி. பாடுவதும் அதே கணக்கினால்தான்.

ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று தென்கொரியாவைக் கேளுங்கள். 2025 செப்டம்பரில் தேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் யூ.பி.எஸ். பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த ஜி-டிரைவ் 858 டி.பி. சாம்பல். வெளியில் நகல் இல்லை. உங்கள் நாஸும் யூ.பி.எஸ். மேலேதானே இருக்கிறது?

பழைய_டேப்

தம்பி தீயைக் காட்டித் திருடனைப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் வேறு வேறு ஆபத்து.

தீ ஓர் இடத்தை எரிக்கும், அதற்குச் சிதறடிப்பது சரியான மருந்து. ஆனால் உள்ளே வந்தவன் டேட்டா சென்டருக்கா போகிறான்? ஆம்பூர் ஆபீஸில் உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் லாகினில் உட்காருகிறான். அவன் 'அழி' என்றால் 80 துண்டும் சேர்ந்து அழியும். பூட்டிய ஃபைலை மேலே ஏற்றினால், அந்தக் குப்பையையும் 80 இடத்தில் பத்திரமாகப் பாதுகாத்துத் தருவார்கள்.

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியைத் தாக்கிய கதை தெரியுமா? யார் எதற்குள் லாகின் ஆகலாம் என்று பார்த்துக்கொள்ளும் அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகம் முழுக்கச் சுமார் 150. எல்லாம் ஒன்றின் நகல் மற்றொன்று, 'இத்தனை இருக்கிறதே' என்ற தைரியம். அத்தனையும் போனது. கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. எப்படி? அந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை! நம்ம ஊர் பவர்கட்டைத் திட்டாதீர்கள்.

காட்பாடி_நோட்

டேப் சார், அது ஒன்றையொன்று நம்பிக்கொண்டிருந்த நகல்கள். நான் சொல்வதில் துண்டு வைத்திருப்பவனுக்கு அது யாருடைய ஃபைல் என்றே தெரியாது. வெர்ஷனிங் போட்டால் பழைய பதிப்பு அப்படியே இருக்கும். ஆப்ஜெக்ட் லாக் போட்டால் சொன்ன நாள் முடியும் வரை நீங்களே நினைத்தாலும் அழிக்க முடியாது.

பழைய_டேப்

அப்படியானால் காப்பாற்றுவது அந்த லாக். அதை ஒரே சர்வரில் போட்டாலும் கிடைக்கும். இதைத்தான் சொல்ல வந்தேன். எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதை எல்லோரும் கேட்கிறார்கள், அழிக்கும் அதிகாரம் யார் கையில் என்பதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று, திரும்ப எடுக்கும் நேரம். 2 டி.பி.யை 100 எம்.பி.பி.எஸ். லைனில் இறக்கக் குறைந்தது 44 மணி நேரம், அதுவும் லைன் ஒரு நொடிகூட அறுந்துபோகாமல் இருந்தால். கன்டெய்னர் நாளை சென்னைத் துறைமுகம் போக வேண்டும், கட்டிங்கில் ஆள் சும்மா நிற்கிறான் என்றால் எம்.டி. என்ன சொல்வார்? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ரேன்சம்வேர் விழுந்தபோது ஏறத்தாழ இரண்டு வாரம் எல்லாமே காகிதத்தில் கையால் எழுதித்தான் ஓடியது. திரும்பி வருவதற்குள் உயிர் போய்விடும்.

சத்துவாச்சாரி_ஆடிட்டர்

குறுக்கே வருகிறேன். நீங்கள் இருவரும் டெக்னாலஜியிலேயே நிற்கிறீர்கள். ஆம்பூர் சார், உங்களுடையது பிரைவேட் லிமிடெட்டா? ஆமாம் என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினசரி எடுக்கப்பட வேண்டும், அது இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். கம்பெனிகள் கணக்கு விதிகளை 2022 ஆகஸ்டில் திருத்தியபோது 'தினசரி' என்று மாற்றினார்கள். உங்கள் டேலியின் துண்டு எந்த நாட்டில் இருக்கிறது என்று தம்பி எழுதிக் கொடுப்பாரா?

ரேன்சம்வேர் விழுந்தால் 6 மணி நேரத்தில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் 2022-லிருந்து இருக்கிறது. இங்கே பாதிப் பேருக்கு அது தெரியாது.

காட்பாடி_நோட்

மேடம் சொல்வது சரியான பாயிண்ட். டேலிக்கு இந்தியாவில் ஒரு சர்வர், பேட்டர்ன் ஃபைலுக்கு டிஸ்ட்ரிபியூட்டட். பிரித்துவிடலாமே.

ஆம்பூர்_அப்பர்

பேட்டர்னிலும் சிக்கல் இருக்கிறது தம்பி. ஜெர்மன் பையர் ஒருவர் எங்கள் டிசைன் வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார். என்கிரிப்ட் ஆன துண்டு 'வேறு கை'யா இல்லையா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். சரி, என்கிரிப்ட் ஆனதைத் திறக்கும் சாவி தொலைந்தால்?

காட்பாடி_நோட்

தொலைந்தால் போச்சு, கஸ்டமர் கேர் எல்லாம் கிடையாது. அதற்கும் வழி இருக்கிறது. ஷமீர் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1979-ல் சொன்ன முறைப்படி சாவியை ஐந்தாக உடைத்து ஐந்து பேரிடம் கொடுக்கலாம். எந்த மூன்று பேர் சேர்ந்தாலும் திறக்கும். இரண்டு பேர் சேர்ந்து எதுவும் செய்ய முடியாது.

பழைய_டேப்

வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் பணத்தை நகர்த்த ஆறு பேர் டிஜிட்டல் கையெழுத்து அதிகாரம் வைத்திருந்தார்கள், நான்கு பேர் சம்மதம் வேண்டும். 2024 ஜூலையில் 23 கோடி டாலருக்கு மேல் போனது. திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறு என்று அவர்களே அறிக்கை விட்டார்கள். சாவி யாரிடமும் திருடுபோக வேண்டிய அவசியமே இல்லை. சாவியை ஒன்றுசேர்க்கும் கம்ப்யூட்டரில் திருடன் இருந்தால் ஐந்து துண்டும் அவனுக்குத்தான்.

என் யோசனை: இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலை எடுத்து, கழற்றி, லாக்கரில் வையுங்கள். அடுத்த வாரம் மற்றது. வயர் இல்லாத டிஸ்க்கை எந்த ஹேக்கரும் தொட முடியாது. மாதம் ஒருமுறை ஒரு பேட்டர்னை அதிலிருந்து திறந்து, கட்டிங்கில் ஒரு ஜோடி வெட்டிப் பாருங்கள்.

காட்பாடி_நோட்

வெள்ளிக்கிழமை கழற்றுகிறவர் லீவு போட்டால்? வியாழன் இரவு ரேன்சம்வேர் விழுந்தால் ஒரு வார வேலை போச்சே சார். டிஸ்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதும் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆம்பூர்_அப்பர்

எம்.டி.யிடம் இப்படிச் சொல்லப் போகிறேன்: டிஸ்க் இந்த வாரமே, டேலி இந்திய சர்வரில், பையர் சம்மதித்தால் பேட்டர்ன் மட்டும் லாக் போட்டு டிஸ்ட்ரிபியூட்டட். நாஸை யூ.பி.எஸ். மேலிருந்து இன்றே இறக்கிவிட்டேன். சாவியின் ஐந்து துண்டு எம்.டி., அவர் தம்பி, நான், பேங்க் லாக்கர், எங்கள் ஆடிட்டர்.

சத்துவாச்சாரி_ஆடிட்டர்

ஆடிட்டரை விட்டுவிடுங்கள். கணக்கைச் சரிபார்க்கிறவர் கையில் அதைத் திறக்கும் சாவியும் இருந்தால் நாளை அவருக்குத்தான் கேள்வி வரும். என் கிளையன்ட் கேட்டால் நான் வாங்க மாட்டேன்.

பழைய_டேப்

அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்கிறார்களா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்_அப்பர்

போன தீபாவளியிலிருந்து இல்லை சார். வேறு இரண்டு பேரைத் தேடுகிறேன்.