புதுப்பிப்பு: மகன் பெயரில் வந்த ஆஸ்பத்திரி பில்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே: 16 வயது மகன் மோட்டார் சைக்கிளில் விழுந்து கை உடைந்தது, தனியார் மருத்துவமனைப் பாக்கி 3,850 வெள்ளிக்கு (ரிங்கிட்) கடிதம் அவன் பெயருக்கே வந்தது, விவாகரத்தான அவன் அப்பா "உன்கிட்டதானே இருக்கான், நீயே கட்டு" என்றது.

சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் பிடித்து ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். அட்மிஷன் தாளைப் புரட்டி, அடியில் இருந்த என் கையெழுத்தைப் பேனாவால் தட்டினார். மருத்துவமனை என்னைத்தான் கேட்குமாம். அன்றிரவு இருந்த பதற்றத்தில் யார் படித்துப் பார்த்தார்கள்!

ஆனால் அவன் அப்பாவுக்கும் விடுதலை இல்லை. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம், 92ஆவது பிரிவு: கோர்ட்டு உத்தரவோ உடன்பாடோ வேறு மாதிரி சொல்லாதவரை, பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் தாய், தகப்பன் இருவரும் வசதிக்கேற்பப் பராமரிக்க வேண்டும். மருத்துவச் செலவையும் அதில் சேர்த்துக் கேட்கலாமாம்.

அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும்தான். அப்புறம் 500 வெள்ளி வந்தது, ஒரு வார்த்தை இல்லாமல். சரி, வந்தவரை லாபம்.

மீதியை மாதம் 200 வெள்ளியாகக் கட்ட மருத்துவமனை ஒத்துக்கொண்டது. வாய்ப்பேச்சை நம்பாமல் கடிதமாக வாங்கிக்கொண்டேன்.