பிலிப்பியர் 3 தியானம்: மௌன நேரத்துக்கு யோசனை சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வாலிபர் ஜெபக்குழுவுக்காக, பைபிளில் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தின் (கடிதத்தின்) 3:4-11 தியானம் தயாராகிறது. 5, 6 வசனங்களில் பவுல் அடுக்கும் ஏழு பெருமைகளில் முதல் நான்கு பிறப்பால் வந்தவை, மற்ற மூன்றும் அவரே சம்பாதித்தவை. பரம்பரையும் சாதனையும் ஒரே பட்டியலில்! எட்டாம் வசனத்தில், கிறிஸ்துவுக்கு முன் அத்தனையும் குப்பை என்கிறார்.

வாசிப்பு 10 நிமிடம், மௌனம் 10, ஜெபம் 15. சிக்கல் மௌனத்தில்தான். மூன்றாம் நிமிடமே யாராவது பாட்டை எடுத்துவிடுகிறார்கள், இல்லாவிட்டால் மனப்பாட ஜெபம் ஓடுகிறது. (பேசவிட்டால் பேச்சு நேரே கமிட்டி எலெக்‌ஷன்!) “உம்முடைய முகத்தையே தேடுவேன்” என்ற சங்கீதம் 27:8-ஐ நிறுத்தி நிறுத்தி மூன்று தரம் வாசித்தால் கொஞ்சம் அடங்குகிறது. நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்: மௌனத்தை ஐந்து நிமிடமாகக் குறைக்கலாமா, நடுவில் இந்த வசனத்தையே மறுபடி கொடுக்கலாமா?