மூணு தவணை பிந்தினா உழவு மெசினைத் தூக்கலாமா? மட்டக்களப்பு – அம்பாறை லீசிங் தகராறு

படுவான்கரையான்:
ஒவ்வொரு வருசமும் தை மாசம் இதே கூத்துத்தான். கார்த்திகை, மார்கழி, தை மூணு மாசமும் மழை, வெள்ளம். உழவு மெசினுக்கு ஓட்டமில்லை. புரட்டாதி, ஐப்பசியில உழுத கூலியும் வெள்ளாமை வெட்டு முடிஞ்ச பிறகுதான் கைக்கு வரும். இது வெல்லாவெளியிலயும் தெரியும், சம்மாந்துறையிலயும் தெரியும். பினான்ஸ் கம்பனிக்கு மட்டும் தெரியாதா? பங்குனியில மொத்தமாக் கட்டக்கூடிய ஆளிட்ட தையில மெசினைப் பறிச்சா அவர் எதை வச்சுக் கட்டுவார்?

இன்னொண்டு. 20 இலட்சம் லீஸ், மாசம் 57,500 வீதம் 24 தவணை. மொத்தம் 13 இலட்சத்து 80 ஆயிரம் கட்டியாச்சு. செட்டில்மன்ட், அதாவது முழுக்கக் கட்டி முடிக்க எவ்வளவு எண்டு கேட்டா முதல் மட்டும் 14.6 இலட்சத்துக்கு மேல நிக்குதாம். இது எந்த ஊர் நியாயம்?

கணக்குப்பிள்ளை:
தம்பி, கோபம் விளங்குது. ஆனா கணக்கில பிழையில்லை. 60 மாசத்துக்கு 57,500 எண்டா வட்டி மாசம் கிட்டத்தட்ட 2 சதவீதம், குறைஞ்சு போற மீதிக்கு. முதல் மாசம் 20 இலட்சத்துக்கு வட்டியே 40,000. முதலுக்குப் போறது 17,500. ரெண்டு வருசம் கட்டினாலும் முதலில குறைஞ்சது ஐந்தரை இலட்சத்துக்கும் கீழதான். எல்லா லீசிங்கும் இப்படித்தான் ஓடும்.

கம்பனிக்காரனும் வைப்புக்காசுக்கு வட்டி கொடுத்துத்தான் கடன் தாறான். 2022 ஏப்ரலில மத்திய வங்கி ஒரே நாளில கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டினது. அப்பவும் நிலையான வட்டியில எழுதின பழைய லீசுகளின்ட தவணை ஒரு ரூபாயும் கூடல்ல. அந்தச் சுமை கம்பனியின்ட தலையில.

படுவான்கரையான்:
அதைச் சொல்லித்தானே கையெழுத்து வாங்கோணும்? மெசின் விக்கிற இடத்தில "வருசத்துக்கு பதினாலரை வீதம்" எண்டுதான் சொல்றாங்க. 20 இலட்சத்துக்கு 14.5 பிளாட், அதாவது மீதி குறைஞ்சாலும் முழு முதலுக்கும் வட்டி, போட்டா ஐந்து வருச வட்டி 14.5 இலட்சம், மொத்தம் 34.5 இலட்சம், 60ஆல பிரிச்சா அதே 57,500. உண்மை வட்டி 24 சதவீதம். ரெண்டையும் ஒரே தாளில தமிழில எழுதிக் கேட்டுப் பாருங்க, எத்தனை கிளையில தருவாங்க?

மற்றது, கட்டின காசு எங்க போகுது? இன்சூரன்ஸ் முடிஞ்சதும் கம்பனி தானாப் புதுப்பிச்சு 40,000 ரூபாயைக் கணக்கில பற்று எழுதும். அந்த மாசம் நீங்க 57,500 கட்டுறீங்க. முதல்ல இன்சூரன்சுக்கு 40,000. போன மாசம் பிந்தினதுக்குத் தண்ட வட்டி 1,725. மிச்சம் 15,775தான் தவணைக்கு. துண்டில 57,500 எண்டுதான் கிடக்கும், லெஜரில அந்தத் தவணை 41,725 குறையும். இப்படி ரெண்டு தடவை நடந்தா, ஒரு மாசமும் விடாமல் கட்டின ஆளும் "அரியஸ்" (நிலுவை) பட்டியலில ஏறிடுவார். சண்டையில பாதி இங்கதான் தொடங்குது.

கணக்குப்பிள்ளை:
இதில நீங்க சொல்றது சரி. கட்டின காசு எந்த ஒழுங்கில கழியும் எண்டு ஒப்பந்தத்திலேயே கிடக்கும்: முதல்ல செலவு, பிறகு தண்ட வட்டி, கடைசியா தவணை. ஆனா இன்சூரன்ஸ் இல்லாத மெசினை எந்தக் கம்பனியும் விடாது. முடிய ஒரு மாசம் முந்தியே வேற இடத்தில விலை கேட்டு, முழுக் காப்புறுதி எடுத்து, பொலிசியில கம்பனியின்ட பெயரையும் போட்டுக் கொண்டு போய்க் குடுத்தா அந்தப் பற்று விழாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்டேட்மன்ட் வாங்கிப் பாருங்க.

நிந்தவூர் காக்கா:
75 சதவீதம் கட்டினா கோட்டுக் கட்டளை இல்லாமல் மெசினை எடுக்க ஏலாதாமே?

கோட்டைமுனை:
காக்கா, அது வாடகைக் கொள்வனவுக்கு (ஹயர் பர்சேஸ்). 1982இன் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டத்தில வாற பாதுகாப்பு. இப்ப ஓடுற லீஸ் எல்லாம் 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்துக்குக் கீழ. இதில சொந்தக்காரர் கம்பனி, பாவிக்கிற உரிமைதான் நமக்கு. பதிவுப் புத்தகத்தில முழு உரிமையாளர் எண்டு யாரின்ட பெயர் கிடக்கெண்டு பாருங்க. இந்த 75ஐ நம்பிக்கொண்டு கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கிறதுதான் பெரிய ஆபத்து.

அதுக்காக எப்படியும் எடுக்கலாம் எண்டில்லை. தவணை பிந்தினா முதல்ல எழுத்தில கோரிக்கை, பிறகு ஒப்பந்தத்தை முறிச்சதா அறிவித்தல், அதுக்குப் பிறகுதான் வாகனம். நீங்க தர மறுத்தா கம்பனி கோட்டுக்குப் போகோணும். நடுரோட்டில மறிச்சுத் திறப்பைப் பறிக்கிறது, ஆளை வெருட்டுறது, பூட்டின வளவுக்குள்ள புகுறது எல்லாம் குற்றம். உடனே பொலிசில முறைப்பாடு போடலாம். வாறவங்களிட்ட அதிகாரக் கடிதமும் முறிவு அறிவித்தலின்ட பிரதியும் கேளுங்க. ரெண்டும் இல்லாட்டி திறப்பைக் குடுக்காதீங்க.

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, கோட்டுக்குப் போனா வருசக் கணக்கா இழுபடும். அதுக்குள்ள டயர் போயிடும், சில பேர் என்ஜினையே மாத்திடுவாங்க. மெசினை ஒளிக்கிறவங்களும் இருக்காங்க, அதையும் சொல்லோணும்.

கோட்டைமுனை:
ஒளிக்கிறவரை நான் காப்பாத்த வரல்ல அண்ணன். அவருக்கும் இதே நடைமுறைதான் எண்டு சொல்றேன். வழக்கு இழுபடும் எண்டு சீசர்காரர் (வாகனத்தைப் பறிக்கக் கம்பனி அனுப்புற ஆக்கள்) வெருட்டலாம் எண்டில்லை.

மெசினைக் குடுக்கிற நிலை வந்தா வெறுங்கையோட குடுக்காதீங்க. மணி மீற்றர் எத்தனை, நாலு டயரும் எந்த நிலை, பற்றரி, ஜக், பெட்டி, கலப்பை, ரொட்டவேற்றர் எல்லாம் ஒவ்வொண்டா எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. ஃபோட்டோவும் எடுங்க. கலப்பையும் ரொட்டவேற்றரும் லீசில இல்லாட்டி கழட்டி வச்சிடுங்க. பறிச்ச வாகனங்களை வைக்கிற யார்டுக்குள்ள போன பிறகு "பற்றரி இருந்தது, இல்லை" எண்டு பேசி வேலையில்லை.

நிந்தவூர் காக்கா:
ஏலத்தில போட்டாக் கணக்கு முடிஞ்சிடும்தானே?

கணக்குப்பிள்ளை:
முடியாது காக்கா. முதல் மீதி 14.6 இலட்சம் நிக்கிற மெசின் 12 இலட்சத்துக்குப் போனா, பிந்தின வட்டி, சீசர் கூலி, யார்ட் வாடகை எல்லாம் சேர்த்து 3 இலட்சத்துக்கு மேல திரும்பக் கேட்பாங்க. கடனாளியிட்டயும் கேட்கலாம், நேரே பிணையாளியிட்டயும் போகலாம். "முதல்ல அவரிட்ட கேள்" எண்டு சொல்ற உரிமையைப் பிணையாளி பத்திரத்திலேயே விட்டுக் குடுத்திருப்பார்.

படுவான்கரையான்:
அப்ப ஏலத்துக்கு முந்தி விலை மதிப்பறிக்கை, எத்தனை பேர் விலை கேட்டாங்க எண்ட விபரம் எழுத்தில கேட்கோணும். பக்கத்து ஊரில 15க்குப் போற மெசின் 12க்குப் போனா அந்த 3 இலட்சம் ஏன் பிணையாளியின்ட தலையில?

நிந்தவூர் காக்கா:
ஓபன் பேப்பரில, பெயர் மாத்தாமல் கைமாத்திறதையும் சொல்லுங்க. கல்முனைப் பக்கம் ஓட்டோ எல்லாம் அப்படித்தான் ஓடுது. லீஸ் எடுத்தவர் ஒருத்தர், கட்டுறவர் இன்னொருத்தர். வாங்கினவர் கட்டாட்டி கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில முதல் ஆளின்ட பெயர்தான் கெடும். முழுக்கக் கட்டி முடிச்சாலும் புத்தகம் அவரின்ட பெயருக்குத்தான் வரும், அப்ப அவர் கையெழுத்துக்குக் காசு கேட்பார். கம்பனிக்கு அறிவிச்சு லீசையே புது ஆளின்ட பெயருக்கு மாத்துங்க. செலவு போகும், பரவாயில்லை.

படுவான்கரையான்:
சரி, என்ட முதல் கேள்விக்கு வாங்க. போகத்துக்கு ஒருக்காக் கட்டுற மாதிரி ஏன் எழுத ஏலா?

கணக்குப்பிள்ளை:
எழுதலாம். அதே 20 இலட்சத்துக்கு அதே வட்டியில அரை வருசத்துக்கு ஒருக்கா எண்டா தவணை ஏறக்குறைய 363,000, பத்துத் தடவை. மொத்தம் 36.3 இலட்சம். மாதக் கட்டைவிட 1.8 இலட்சம் கூட. அதைக் கேட்டதும் எல்லாரும் மாதக் கட்டுக்கே கையெழுத்து வைக்கிறாங்க.

படுவான்கரையான்:
அதே ஆள் மாதக் கட்டை எடுத்துட்டு வெட்டு முடிய மொத்தமாக் கட்டினா? தண்ட வட்டி வருசத்துக்கு 36 சதவீதம் எண்டு வையுங்க, ஒரு தவணைக்கு மாசம் 1,725. ஆறு தவணையில முதலாவது ஐந்து மாசம் பிந்துது, அடுத்தது நாலு, பிறகு மூணு, ரெண்டு, ஒண்டு. கூட்டினா 15 மாசம், 25,875 ரூபாய். பத்துப் போகத்துக்கு 258,750. கடிதக் கூலியும் சீசர் பயமும் வேற. 1.8 இலட்சம் கூடக் குடுத்துப் போகக் கட்டு எடுக்கிறதுதான் மலிவு. இந்தக் கணக்கை லீஸ் விண்ணப்பத்தோட போட்டுக் காட்டுறது கம்பனியின்ட வேலை.

கணக்குப்பிள்ளை:
சிறுபோகத்துக்குத் தண்ணி கிடைக்காத வயல் கண்டத்தில ஆவணியில 363,000 எங்கால வரும்? ஒரே தவணை தவறினாலும் ஆறு மாசக் காசு ஒண்டாத் தொங்கும். கம்பனி பயப்பிடுறது அதுக்குத்தான். நீர்ப்பாசனக் காணி உள்ளவருக்குத் தரலாம், மானாவாரிக்காரருக்குத் தர மனம் வராது.

கோட்டைமுனை:
மானாவாரிக்காரருக்குப் பங்குனிக் கட்டைப் பெருசாவும் ஆவணிக் கட்டைச் சிறுசாவும் எழுத ஏலுமே. ஏற்கனவே மாதக் கட்டில இருக்கிறவங்க அரியஸ் விழ முந்தி, புரட்டாதியிலேயே மாத்தித் தரச் சொல்லி எழுத்தில கேளுங்க. மூணு தவணை விழுந்த பிறகு போனா பிணையாளியைத் திரும்பக் கூட்டிவா, புது மதிப்பீடு எடு எண்டு இழுப்பாங்க. கடிதத்தின்ட பிரதியில கிளையின்ட சீலும் திகதியும் வாங்கி வையுங்க. பதில் வராட்டி மத்திய வங்கியின்ட நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்துக்கு 1935இல பேசலாம். அங்க முதல்ல கேட்கிறது, கம்பனிக்கு எழுத்தில குடுத்தீங்களா எண்டுதான்.