கணைக்காலில் அடிபட்டு மாதக்கணக்கில் போகாத கட்டி: உங்களுக்கும் வந்ததா?

கொக்குவிலில் இருந்து:

39 வயதில் உதைபந்து விளையாடப் போனவன் நான். போட்டி ஒன்றும் இல்லை, ஞாயிறு பின்னேரங்களில் பழைய பெடியள் சேர்ந்து உதைப்பதுதான். சும்மா விளையாட்டுத்தானே என்று காற்காப்பும் போடவில்லை. எதிரில் வந்தவரின் பூட்ஸ் ஆணி கணைக்காலின் முன் எலும்பில் நேராக இறங்கியது. பத்து நிமிடத்தில் அரை முட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி வீங்கிவிட்டது.

உண்மையான பிழை அன்றிரவுதான் நடந்தது. மாமா நோவெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். "இரத்தம் கட்டியிருக்கு தம்பி, உருவிவிட்டால்தான் கரையும்." பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் கால் இரட்டிப்பாகியிருந்தது. நாலாம் நாள் கணுக்கால் நீலமாகி, பிறகு பச்சையாகி, மஞ்சளானது. அந்த இடத்தில் அடியே படவில்லையே என்று பயந்துபோனேன். மேலே கசிந்த இரத்தம் தோலுக்கடியால் இறங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியது. ஆனால் இரண்டு கட்டிகள் மிஞ்சின. மேலே இருந்தது விரலால் தள்ளினால் கொஞ்சம் அசையும், றப்பர் மாதிரி. நாலு விரல் கீழே இருந்தது அசையவே அசையாது, எலும்போடு எலும்பாக இருந்தது. தொடாவிட்டால் இரண்டும் நோகாது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். அடிபட்டது மாசியில். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவில் பிரதட்டை செய்ய மணலில் படுத்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு புரளலிலும் கீழ்க்கட்டி மணலில் பட, "முருகா" என்று கூப்பிட்டதில் பாதி பக்தி, பாதி நோ.

அதன் பிறகே எலும்பு வைத்தியரிடம் போனேன். பெருவிரலால் அமத்திப் பார்த்தார், நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்த்தார். இரவில் நோவால் நித்திரை குழம்புகிறதா, கட்டி பெருத்துக்கொண்டு போகிறதா, காய்ச்சல் வந்ததா, பாதம் விறைக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரமாகப் பிறை போல ஒரு வெள்ளைத் தடிப்பு தெரிந்தது.

அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. தொடையில் அடிபட்டால் சதை தாங்கும். கணைக்காலின் முன்பக்கத்தில் தோலைத் தாண்டினால் எலும்புதான். எலும்பைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறைக்கடியில் இரத்தம் தேங்கினால், உறையே அங்கே புது எலும்பு வைக்கத் தொடங்கும். கீழ்க்கட்டி அதுதான். மேலே இருப்பது, நசுங்கிய கொழுப்பும் உறைந்த இரத்தமும் சேர்ந்து தழும்பானது. இரண்டும் ஆபத்தில்லை. கரைய மாதக்கணக்காகும், சிலருக்கு முழுதாகப் போகாது. முதல் இரண்டு மூன்று நாள் உருவுவதும் சூட்டு ஒத்தடமும் கசிவைக் கூட்டிவிடுமாம். ஐஸைத் துவாயில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து, காலைத் தலையணையில் உயர்த்தியிருந்தால் போதுமாம். மாமாவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

சங்கானையில் இருந்து:

என் மகனுக்கு 13 வயது. முழங்கால் சிரட்டைக்குச் சற்றுக் கீழே ஒரு குமிழ். யாரோ உதைத்ததால் வந்தது என்று ஒரு பெடியனோடு கோபமாகக்கூட இருந்தான். பார்த்தால் உதையே காரணமில்லை. வளரும் எலும்பில் தசைநார் ஒட்டியிருக்கும் இடத்தை, ஓடும்போதும் பாயும்போதும் அது திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவதாம். ஒஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். நோகும் நாட்களில் பாய்ச்சலைக் குறைக்கச் சொன்னார்கள். வளர்ச்சி முடிய நோ போய்விடும், குமிழ் மட்டும் மிஞ்சலாம். அந்தப் பெடியனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

வல்வெட்டித்துறையில் இருந்து:

எனக்கு வந்தது வேறு வகை. கரப்பந்து விளையாடுபவன். கணைக்காலின் வெளிப்பக்கம், விளையாடி முடிய ஒரு மெதுவான புடைப்பு எழும்பும். கட்டிலில் படுத்தால் காணாமல் போய்விடும். வைத்தியரிடம் போய்ப் படுத்துக்கொண்டு காட்டினால் அவருக்கு என்ன தெரியும்? இரண்டாம் முறை அவரே எழும்பி நிற்கச் சொல்லித்தான் கண்டுபிடித்தார். தசையைச் சுற்றிய உறையில் ஒரு கிழிசல், அதன் வழியே தசை பிதுங்குகிறது. பெரிதாக நோகாததால் அப்படியே விட்டிருக்கிறேன்.

அரியாலையில் இருந்து:

எல்லோரும் ஆபத்தில்லை என்று எழுதுவதால் இதையும் எழுதுகிறேன். என் ஒன்றுவிட்ட தம்பிக்கு அப்போது 16. கிரிக்கெட் பந்து பட்ட இடம் என்று முழங்காலுக்குக் கீழே ஒரு வீக்கத்தைக் காட்டினான். முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பத்துப் போட்டோம். இரண்டு மாதம் பத்தும் எண்ணெயுமாகப் போனது. வீக்கம் வற்றாமல் பெருத்தது. இரவில் எழும்பி இருந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுவான், பகலில் பள்ளிக்கூடம் போய்விடுவான். நாங்கள் அதை நடிப்பு என்றுகூட நினைத்தோம். எக்ஸ்ரே எடுத்த அன்றே மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். எலும்புப் புற்றுநோய்.

பந்து பட்டதால் வந்ததல்ல என்று அங்கே சொன்னார்கள். பந்து பட்டதால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். நாங்களோ பந்தையே காரணமாக வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்துவிட்டோம். மருந்தும் சத்திரசிகிச்சையுமாக ஒரு வருடம் போனது. இன்று நடக்கிறான், கொஞ்சம் தாண்டித் தாண்டி. பயப்படுத்த எழுதவில்லை, இது அரிதான வருத்தம். இரவு நோவும் பெருக்கும் கட்டியும் என்றால் எண்ணெய்ப் போத்தலைத் திறக்க முதல் ஒரு எக்ஸ்ரே எடுங்கள்.

கொக்குவிலில் இருந்து:

அரியாலை நண்பருக்கு நன்றி. வைத்தியர் ஏன் இரவு நித்திரையைப் பற்றி இரண்டு தரம் கேட்டார் என்று இப்போதுதான் விளங்குகிறது. என் மேல்கட்டி போன மாதம் கரைந்துவிட்டது. கீழ்க்கட்டி இருக்கிறது, கரண்ட் போன இரவுகளில் கட்டில் சட்டத்தை முதலில் கண்டுபிடிப்பது அதுதான். காற்காப்பு வாங்கிவிட்டேன். அதன் மேல்விளிம்பு சரியாக அந்தக் கட்டியில் வந்து உட்காருகிறது. நீளம் கூடியது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.