கார் ஓட்டியவர்கள், கோழி பொரித்தவர்கள்: கறுப்பினச் சமூகத்தில் நாங்கள் கண்டது

அமெரிக்காவிலும் லண்டனிலும் வாழும் தமிழர்கள் சிலர், தங்கள் ஊர்க் கறுப்பின மக்களைப் பற்றி ஆளுக்கொன்றாக எழுதியவை இவை.

மாண்ட்கோமரி, அலபாமா

வேலை நிமித்தம் இங்கே குடிவந்தபோது இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்துக் கதைதான். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். மார்ட்டின் லூதர் கிங் மேடையேறினார். கறுப்பின மக்கள் வென்றார்கள். இடையில் கிடக்கும் 381 நாட்களை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அத்தனை நாளும் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறாமல் நடத்திய புறக்கணிப்பின்போது அவர் சிறுமி. என்னை இன்றும் "பேபி" என்றுதான் கூப்பிடுவார். என் நரையெல்லாம் அவர் கணக்கில் வராது.

கிங்கின் பேச்சை நேரில் கேட்டதுண்டா என்று ஆவலாகக் கேட்டேன். அவர் பிடிகொடுக்கவில்லை. தன் அப்பாவின் காரைப் பற்றியே பேசினார். வெள்ளையர் வீடுகளுக்குச் சமைக்கவும் துவைக்கவும் போகிற பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்ட பிறகுதான் அப்பா தன் வேலைக்குப் போவாராம். யாரை எந்த முனையில் ஏற்ற வேண்டும் என்று பென்சிலால் எழுதிய தாள் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கும். அதைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பின் இருக்கையில் பெரியவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பள்ளிக்குப் போகும் இவருக்கு யாராவது ஒருவரின் மடிதான் இடம்.

பிறகு நானும் தேடிப் படித்தேன். கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் ஓர் இரவு முழுவதும் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டி எடுத்திருக்கிறார். கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியை நகர நிர்வாகம் தூசிதட்டி எடுத்தது. உடனே கார் வைத்திருந்தவர்கள் முன்வந்தார்கள். சுமார் 300 கார்கள் முறைவைத்து ஓடின. தேவாலயங்கள் தங்கள் பெயரிலேயே பெரிய கார்களை வாங்கின. உள்ளூர்க் காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்தபோது, கடைசியில் லண்டன் லாய்ட்ஸ் வரை போய்க் காப்பீடு எடுத்தார்கள்.

பெட்ரோலுக்குப் பணம்? அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி பொரித்தார், கேக் சுட்டார், விற்றார். வந்த பணத்தைப் போராட்டக்காரர்களின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொட்டினார். சமைத்த பெண்கள் யார் என்று தெரிந்தால் அவர்கள் பிழைப்பில் மண் விழும். அதனால் அந்தக் குழுவுக்கு "எங்கிருந்தும் வராத சங்கம்" என்றே பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று எவராவது கேட்டால் பதில் தயார். கில்மோரின் வேலை போனது. கிங் கொடுத்த ஊக்கத்தில் வீட்டிலேயே அடுப்பு மூட்டிச் சாப்பாட்டுக்கடை நடத்தினார். கிங்கே அங்கு சாப்பிட வருவாராம்.

மேடைப் பேச்சையே போராட்டம் என்று நினைத்துப் பழகிய எனக்கு, அந்தப் பென்சில் தாள்தான் பெரிதாகப் பட்டது.

லண்டன்

நான் யாழ்ப்பாணத்தாள். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. என்னோடு வேலை செய்தவர், ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவர், ஒருநாள் "பார்ட்னர்" சேர்கிறாயா என்று கேட்டார். விளக்கியதும் சிரித்துவிட்டேன். நம் சீட்டேதான்! ஏலம் கிடையாது, கழிவு கிடையாது. வாரம் ஒரு தொகையை எல்லோரும் கொடுக்க, முறைப்படி ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார்.

1948-இல் கரீபியக் குடியேறிகளோடு விண்ட்ரஷ் கப்பல் வந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கின. வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்தினார்கள். இப்படிச் சீட்டுப் பிடித்துத்தான் பலர் வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்கள். இவருடைய பெற்றோரும் அப்படித்தான். நான் பாதியில் கட்டாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கூட்டிவந்தவள் நான், நானே கட்டுவேன், அதற்குப் பிறகு நீ என் முகத்தில் எப்படி விழிப்பாய் என்று பார்க்கிறேன் என்றார். கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. என் முறை நெருங்கிய வாரம் இன்னொருத்தியின் தாயார் ஜமைக்காவில் இறந்துவிட்டார். செய்தி வந்த அரைமணி நேரத்துக்குள் முறை மாறிவிட்டது. என்னிடம் கேட்டுத்தான் மாற்றினார்கள், ஆனால் மறுப்பேன் என்று யாரும் நினைக்கவே இல்லை.

என்னைச் சீட்டில் சேர்த்த அவர் சனிக்கிழமைப் பள்ளியில் படித்தவரும்கூட. கரீபியப் பிள்ளைகளைக் கல்வித்திறன் குறைந்தவர்களுக்கான பள்ளிகளுக்கு அளவுக்கு மீறி ஒதுக்கிவிடுகிறார்கள் என்று 1971-இல் பெர்னார்ட் கோர்ட் சிறுநூல் எழுதினார். பெற்றோர் தாங்களே நடத்திய சனிக்கிழமை வகுப்புகள் அதற்குப் பிறகு பெருகின. என் பிள்ளைகளும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போனவர்கள்தான். நாங்கள் மொழி போய்விடுமே என்று நடத்தினோம். அவர்களோ வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கவே தனியாகப் பள்ளி நடத்த வேண்டியிருந்தது.

லாஸ் ஏஞ்சலஸ்

மருந்தாளுநராக என் பங்குக்குச் சுருக்கமாக ஒன்று. நான் முடிவெட்டிக்கொள்ளும் கடை ஒரு கறுப்பினத்தவருடையது. அங்கே ஒரு பெரியவர் மருத்துவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்து மாத்திரையை மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தார். முடிவெட்டுபவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, நாளை மாத்திரை டப்பாவோடு வந்தால்தான் மீதித் தலை என்றார். பாதி வெட்டிய தலையோடு பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் டப்பாவோடு வந்தாராம்.

இந்த உரிமையை மருத்துவ உலகம் கவனித்திருக்கிறது. இதே மாவட்டத்தில் 52 கறுப்பின முடிதிருத்தகங்களில் 319 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மருந்தாளுநர்கள் கடைக்கே போய் மருந்து எழுதிக் கொடுத்த குழுவில் இரத்த அழுத்தத்தின் மேல் எண் ஆறு மாதத்தில் சராசரியாக 27 புள்ளிகள் இறங்கியது. அறிவுரை மட்டும் கேட்ட குழுவில் 9 புள்ளிகள்.

டல்லாஸ்

எல்லாம் சரி. இவ்வளவு ஒற்றுமை இருக்கிறவர்கள் இன்னும் ஏன் மேலே வரவில்லை? நாமும் வெறுங்கையோடுதானே வந்தோம்?

மாண்ட்கோமரி, அலபாமா

டல்லாஸ் நண்பரே, நாம் வெறுங்கையோடு வரவில்லை, பட்டத்தோடு வந்தோம். 1965-க்கு முன்னால் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஆண்டுக்கு 100 பேர் என்று ஒதுக்கீடு வைத்திருந்தார்கள். அதை உடைத்த குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவரின் வாக்குரிமைச் சட்டம் வந்த அதே 1965-இல்தான் நிறைவேறியது. அவர்கள் அடிவாங்கித் திறந்த கதவு வழியாகத்தான் நீங்களும் நானும் உள்ளே வந்தோம்.

ஒற்றுமை ஒன்றே போதும் என்று ஆசிரியையும் சொல்லமாட்டார். நடந்து நடந்து கால் தேய்ந்தாலும், பஸ்ஸில் கறுப்பினத்தவரைப் பிரித்துவைத்த சட்டத்தை வீழ்த்தியது 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தீர்ப்பு. அந்த வழக்கைக் கடைசிவரை நடத்திய நால்வரில் ரோசா பார்க்ஸ் இல்லை. ஆரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கோல்வின், மேரி லூயிஸ் ஸ்மித். இவர்களில் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில், அதே போல எழ மறுத்துக் கைதானவர். சிறுமி, ஏழை வீட்டுப் பெண், பிறகு கர்ப்பமும் ஆனார் என்று பெரியவர்கள் அவரை முன்னிறுத்தாமல் விட்டுவிட்டார்கள். ஆசிரியைக்குத் தன் சொந்தச் சமூகத்தின் மீதே இதில் தீராத கோபம்.

2021-இல் நீதிமன்றம் கோல்வினின் பழைய குற்றப்பதிவை நீக்கியபோது அவருக்கு வயது 82. செய்தியைச் சொன்னால் ஆசிரியை மகிழ்வார் என்று போனேன். அன்றைய பெரியவர்களின் வாரிசுகள் யாராவது அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தார்களா, அதை முதலில் சொல் என்றார். தன் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளை ரோசா பார்க்ஸுக்கு முன்னால் இந்த நால்வரின் பெயரைச் சொல்ல வைக்கிறார். ஆரீலியாவில்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் நாக்குப் புரள்கிறது, விடமாட்டேன் என்கிறார்.