‘மீனாட்சி இல்லம்’ குழுவில் 2025இல் ஒரு நவம்பர் ராத்திரி

வித்யா: அப்பா இன்சூரன்சுக்கு 2026க்கான கடிதம் வந்துவிட்டது. மாதக் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். அதைவிட மோசம், ஜனவரியிலிருந்து மருந்துப் பட்டியலில் அவர் போடும் சர்க்கரை மாத்திரை ஜார்டியன்ஸ் இல்லையாம். டிசம்பர் 15க்குள் வேறு பிளான் எடுத்தால்தான் ஜனவரி 1க்கு நடைமுறைக்கு வரும். கார்த்தி, பார்த்ததும் கூப்பிடு.

பெரியம்மா மதுரை: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

வித்யா: பெரியம்மா, டாலஸில் இப்போது ராத்திரி.

அம்மா: ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் மாத்திரை மார்ச் வரை வரும் என்கிறார் அப்பா.

வித்யா: அம்மா!!! நீ பக்கத்து ரூமில்தானே இருக்கிறாய். அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கி வை.

கார்த்தி: மீட்டிங்கில் இருக்கிறேன். எவ்வளவு ஏறியது

சேகர் மாமா: வித்யா, பதறாதே. முதலில் ஏன் ஏறியது என்று புரிந்துகொள். 2021இல் அரசாங்கம் மானியத்தைக் கூட்டிக் கொடுத்தது. அந்தக் கூடுதல் இந்த டிசம்பரோடு முடிகிறது. ஜனவரியிலிருந்து குடும்ப வருமானம் வறுமைக் கோட்டு அளவில் 400 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு டாலர்கூட மானியம் கிடையாது. அப்பா, அம்மா இருவரையும் உன் வரிக் கணக்கில் காட்டுகிறாய். அதனால் உன் சம்பளம், மாப்பிள்ளை சம்பளம் எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மீதி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்தி: என் கணக்கில் காட்டச் சொன்னேன். யார் கேட்டார்கள்

வித்யா: காட்டுவதற்கு வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டும் தம்பி.

சேகர் மாமா: பெற்றோர் என்றால் கூடவே இருக்க வேண்டும் என்று இல்லை. அவர்கள் செலவில் பாதிக்கு மேல் கொடுத்திருந்தால் போதும்.

வித்யா: அதுவும் இல்லை.

கார்த்தி: 👍

கீதா: ஐயோ 🙈

பெரியம்மா மதுரை: ஜார்டியன்ஸ் என்றால் எம்பாகிளிஃப்ளோசின்தானே? நானும் அதைத்தான் போடுகிறேன். மார்ச்சில் காப்புரிமை முடிந்ததிலிருந்து இங்கே ஆளாளுக்குத் தயாரிக்கிறார்கள், விலை சரிந்து கிடக்கிறது. பார்சலில் அனுப்பட்டுமா?

சேகர் மாமா: தபாலில் வேண்டாம் அக்கா. சுங்கத்தில் பிடித்துவைப்பார்கள். யாராவது வந்தால் மருந்துச் சீட்டோடு கையில் கொண்டுவரலாம், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். வருஷம் முழுக்க அதை நம்பி உட்கார முடியாது.

மணி சித்தப்பா: ஜனவரியில் யார் வருகிறார்கள்? எனக்கு ஒரு ஐபேட் வேண்டும்

கீதா: சித்தப்பா, இவர்கள் கேட்பது அங்கே போகிறவரை. ஐபேட் அங்கிருந்து வருகிறவர்தான் கொண்டுவர வேண்டும்.

சேகர் மாமா: பிளான் பார்க்கும்போது கட்டணத்திலிருந்து ஆரம்பிக்காதே, மாத்திரையிலிருந்து ஆரம்பி. மார்க்கெட்பிளேஸ், அதாவது அரசாங்கத்தின் இன்சூரன்ஸ் சந்தையான ஹெல்த்கேர்.காவ் தளத்தில் மருந்தின் பெயரையும் டோஸையும் போட்டால் எந்தப் பிளானில் உண்டு என்று காட்டும். அதோடு விடாதே. அந்தப் பிளானின் மருந்துப் பட்டியலை, அதுதான் ஃபார்முலரி, திறந்து, எத்தனையாவது விலைப் படியில் (டியர்) இருக்கிறது, பக்கத்தில் பி.ஏ., எஸ்.டி. என்று எழுத்து இருக்கிறதா என்று பார். பி.ஏ. என்றால் டாக்டர் எழுதி முன் அனுமதி வாங்க வேண்டும். எஸ்.டி. என்றால் முதலில் விலை குறைந்ததைப் போட்டுப் பார்த்து, அது பலிக்காவிட்டால்தான் இது. அப்புறம் டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே கட்ட வேண்டிய தொகை. மருந்துக்குத் தனியா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா? பிளான்களில் பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று தரம் உண்டு. பிரான்ஸ் பிளான் பலவற்றில் சேர்த்துத்தான். ஆயிரக்கணக்கில் கைக்காசு போன பிறகுதான் மாத்திரைக்கு அவர்கள் கொடுக்க ஆரம்பிப்பார்கள். 2026இல் ஒரு ஆளின் கைச்செலவு உச்சவரம்பே 10,600 டாலர்.

வித்யா: அப்பாவுடையது பிரான்ஸ்தான்.

கார்த்தி: யார் எடுத்தது

வித்யா: “குறைச்சலாகப் பாரு” என்று சொன்ன மகராசன் யார்?

அம்மா: சண்டை வேண்டாம். அப்பா படிக்கிறார்.

அப்பா: எனக்கு எதுவும் வேண்டாம். ஊருக்குப் போய்விடுகிறேன்.

பெரியம்மா மதுரை: வா தம்பி, மாடி காலியாகத்தான் இருக்கிறது.

வித்யா: பெரியம்மா ப்ளீஸ்.

சேகர் மாமா: மெட்ஃபார்மின், கொழுப்பு மாத்திரை இரண்டையும் பற்றிக் கவலைப்படாதே. அவை இன்சூரன்ஸ் இல்லாமலே மலிவு. ஜார்டியன்ஸ், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எலிக்விஸ் இரண்டுக்கும்தான் பிளான் தேட வேண்டும். இனி முக்கியமான விஷயம். அப்பாவும் அம்மாவும் இங்கே வந்தது 2021 மே. வரும் மே மாதத்தோடு கிரீன் கார்டில் 5 வருஷம். அத்திம்பேருக்கு 65 தாண்டிவிட்டது, ஆகவே மெடிகேருக்கு, அதாவது முதியவர்களுக்கான அரசாங்க இன்சூரன்சுக்குத் தகுதி வரும். மேக்கு முன்னால் 3 மாதம், பின்னால் 3 மாதம், மேயையும் சேர்த்து 7 மாதத்துக்குள் பதிய வேண்டும். தவறவிட்டால் அபராதம் கட்டணத்தோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

கார்த்தி: அப்போ மே வரை ஏதாவது ஒன்று, அப்புறம் மெடிகேர். முடிந்தது. 👏

சேகர் மாமா: முடியவில்லை. இங்கே 40 குவார்ட்டர், அதாவது மூன்று மூன்று மாதமாகப் பத்து வருஷம், வேலை பார்த்து வரி கட்டியவர்களுக்குத்தான் மெடிகேரில் ஆஸ்பத்திரிக்கான பார்ட் ஏ இலவசம்.

மணி சித்தப்பா: 40 குவார்ட்டரா 😂 நான் எப்போதோ தகுதி பெற்றுவிட்டேன்

கீதா: 😂😂😂

பெரியம்மா மதுரை: சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? லிவர் டெஸ்ட் எடுத்தாயா மணி?

மணி சித்தப்பா: 🙏

சேகர் மாமா: குவார்ட்டர் இல்லாதவர்களுக்கு 2026இல் பார்ட் ஏ மாதம் 565 டாலர், டாக்டர் செலவுக்கான பார்ட் பி 202.90. ஒரு ஆளுக்கு. மருந்துக்குப் பார்ட் டி தனி. ஆனால் பார்ட் டியில் வருஷக் கைச்செலவு 2,100 டாலரோடு நின்றுவிடும், அதற்கு மேல் பட்டியல் மருந்துக்குப் பைசா வேண்டாம். ஜார்டியன்ஸ், எலிக்விஸ் இரண்டுக்கும் மெடிகேர் பேரம் பேசிக் குறைத்த விலை இந்த ஜனவரியிலிருந்து. பார்ட் பியும் டியும் மட்டும் எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்ட் ஏ இல்லாமல் தாங்காது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வித்யா: இருவருக்கும் ஏ, பி மட்டுமே மாதம் 1,500 தாண்டுகிறதே மாமா.

கார்த்தி: பாதி நான் தருகிறேன்

வித்யா: எழுத்தில் இருக்கட்டும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

கீதா: நானும் எடுத்தேன் 😇

அம்மா: எனக்கும் மேயில்தானா?

சேகர் மாமா: அங்கேதான் சிக்கல் அக்கா. கீதா பிரசவத்துக்குப் போய் மதுரையில் எவ்வளவு நாள் இருந்தீர்கள்? 5 வருஷம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்வி கேட்பார்கள்.

அம்மா: எட்டு மாதம். சீமந்தத்துக்குப் போனவள், பேரனுக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் வந்தேன்.

கீதா: அய்யய்யோ, என்னாலா 😭

பெரியம்மா மதுரை: அவள் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். இதற்கெல்லாம் கணக்கா பார்ப்பார்கள்?

கார்த்தி: அப்போ அம்மாவுக்கு மார்க்கெட்பிளேஸ், அப்பாவுக்கு மெடிகேர். இரண்டு பிளானா?

சேகர் மாமா: அப்படியும் ஆகலாம். மெடிகேர் பதிவைப் பார்க்கும் சோஷியல் செக்யூரிட்டி ஆபீசில் நேரில் கேட்டால்தான் தெரியும். ஷிப் என்று ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச மெடிகேர் ஆலோசனை உண்டு, கமிஷன் ஏஜென்டுக்கு முன்னால் அவர்களிடம் பேசு. அக்கா போய்வந்த தேதிகள் வேண்டும். அந்த பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா?

அம்மா: அது பழசு. புதுப்பித்த பிறகு மதுரை பீரோவில் வைத்துவிட்டு வந்தேன்.

வித்யா: பெரியம்மா, முத்திரைப் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்களேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஜூமில் வந்து சில்வரா கோல்டா என்று முடிவு செய்வோம்.

கார்த்தி: ஞாயிறு எனக்கு கிரிக்கெட். சனி?

வித்யா: சனி எனக்கு முடியாது.

பெரியம்மா மதுரை: பீரோ சாவியைத்தான் உன் அம்மா கைப்பையில் போட்டுக்கொண்டு பிளேன் ஏறிவிட்டாளே. இரண்டு வருஷமாக என் பட்டுப்புடவையும் அதற்குள்தான் இருக்கிறது.