சேரும் பிள்ளைகள் ஏன் நிலைப்பதில்லை? ஒரு சிறிய கால்பந்துக் கழகத்தின் கேள்வி

கேள்வி: கழகச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு சிறிய கால்பந்துக் கழகத்தின் செயலாளர். எங்களில் ஊதியம் பெறுபவர் ஒருவரும் இல்லை. பயிற்சியாளர்கள் மூவரும் தத்தம் வேலை முடிந்து மாலையில் மைதானத்துக்கு வருபவர்கள். 8 வயது முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை நான்கு பிரிவுகளாக வைத்து நடத்துகிறோம்.

பருவத் தொடக்கத்தில் சேர்க்கை அறிவித்தால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பள்ளி வாசலில் துண்டறிக்கை கொடுக்கிறோம், முதல் இரண்டு வாரம் கட்டணமில்லை என்கிறோம், பிள்ளைகளும் ஆர்வமாக வருகிறார்கள். இந்த ஆண்டு 12 வயதுப் பிரிவில் 31 பேர் பெயர் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது தொடர்ந்து வருபவர்கள் 14 பேர்தான். சென்றவர்களில் பெரும்பாலோர் சொல்லிவிட்டுச் செல்லவில்லை. முதலில் ஒரு நாள் வரமாட்டார்கள், பிறகு ஒரு வாரம், அதன் பின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகியிருப்பார்கள்.

ஒருவர் மட்டும் நேரில் வந்தார். தம் மகனின் ஜெர்சியைத் துவைத்து மடித்து, அதன்மேல் காலுறைகளையும் வைத்து என் கையில் கொடுத்து, "அவனுக்கு இப்போது ஆர்வம் போய்விட்டது" என்றார். இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை மைதானத்தை விட்டு நகராத பையன் அவன். அந்த ஜெர்சி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பிள்ளைகளை எங்கே, எப்படித் தேடிச் சேர்ப்பது? சேர்ந்தவர்களை எப்படித் தக்கவைப்பது? பெண்பிள்ளைகள் எங்களிடம் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை உயர்த்த என்ன செய்யலாம்? கழகம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: இளையோர் பயிற்சியாளர்

வணக்கம் ஐயா. சேர்ப்பதையும் தக்கவைப்பதையும் நீங்கள் இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் அவை ஒன்றே. ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் மொண்டு ஊற்றினால் என்ன? உங்களிடம் 31 பேர் வந்திருக்கிறார்கள் என்றால் துண்டறிக்கை தன் வேலையைச் செய்துவிட்டது. மைதானத்துக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் கண் திறந்த கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முழங்காலில் அடிபட்டிருந்ததால், நான் திட்டமிட்ட பயிற்சியை என் உதவியாளர் நடத்த, நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பொழுதுபோகாமல் ஒரு தாளை எடுத்து, கூட்டத்திலேயே அமைதியான ஒரு பையனை மட்டும் கவனித்துக் குறிக்கத் தொடங்கினேன். 90 நிமிடப் பயிற்சியில் 35 நிமிடத்துக்கு மேல் அவன் வரிசையில் தன் முறைக்காகக் காத்து நின்றான். கடைசியில் நடந்த 20 நிமிட ஆட்டத்தில் அவன் கால் பந்தில் பட்டது 4 முறை. அவன் பெயரை யாரும் ஒருமுறைகூடச் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவன் சட்டையில் வியர்வையே இல்லை. அடுத்த மாதம் அவன் வரவில்லை. பந்து விளையாட வந்த பிள்ளைக்கு நான் பந்தைக் கொடுக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அன்றிலிருந்து பயிற்சியின் அமைப்பையே மாற்றிவிட்டோம். வரிசையில் மூன்று பேருக்கு மேல் நிற்பதில்லை. 16 பேர் வந்தால் ஒரே ஆட்டமாக நடத்தாமல் நால்வருக்கு நால்வர் என்று இரண்டு சிறு மைதானங்கள் பிரிக்கிறோம். கோல் கம்பம் இல்லாவிட்டால் இரண்டு கோன் போதும். இது நாங்களாகக் கண்டுபிடித்ததன்று. ஜெர்மனியில் 2024-25 பருவம் முதல் மிகச் சிறிய பிள்ளைகள் இருவருக்கு இருவர் அல்லது மூவருக்கு மூவர் என்று நான்கு சிறு கோல்களில்தான் ஆட வேண்டும். 10, 11 வயதில்கூட ஐவர் அல்லது எழுவர் ஆட்டந்தான். உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு தன் சிறுவர்களைப் பெரிய மைதானத்தில் ஓடவிட அவசரப்படவில்லை. பந்தின் அளவையும் பாருங்கள்: சிறு பிள்ளைகளுக்கு 3ஆம் எண், நடு வயதினருக்கு 4ஆம் எண். 8 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்தைக் கொடுத்தால், உதைத்த கால் வலிக்கும், பந்தோ பாதி தூரம்கூடப் போகாது.

இன்னொரு வேலையை இன்றே தொடங்குங்கள். ஒவ்வொரு போட்டியிலும் யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எல்லோரையும் இறக்கினோம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். நோட்டு வேறு கதை சொல்லும். எங்களிடம் 12 வயது வரை ஒவ்வொருவருக்கும் ஆட்டத்தில் பாதி நேரமாவது கட்டாயம் உண்டு. தோற்கும் நிலையிலும் அதை மீறுவதில்லை.

பதில் 2: ஒரு வீராங்கனையின் தாய்

நான் கழகம் நடத்துபவள் இல்லை, பெற்றோர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். என் மகள் 11 வயதில் ஒரு கழகத்தை விட்டு விலகி, ஓராண்டுக்குப் பின் வேறொன்றில் சேர்ந்தாள். இப்போது 15 வயதிலும் ஆடுகிறாள். இரண்டு கழகங்களுக்கும் இருந்த வேறுபாட்டைச் சொன்னால் உங்கள் மூன்றாம் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் கழகத்தில் 20 பையன்களுக்கு நடுவே அவள் ஒருத்தி. யாரும் அவளைக் கேலி செய்யவில்லை, பயிற்சியாளரும் நல்லவர். ஆனால் "இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள்" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் கடைசியில் தனித்து நின்றவள் அவள்தான். உடை மாற்ற இடமில்லாததால் வீட்டிலிருந்தே ஜெர்சி அணிந்து, வியர்த்த உடையோடே திரும்புவாள். மாதவிடாய் தொடங்கியபின் வெள்ளை அரைக்கால்சட்டை அணிய அஞ்சி, வயிற்றுவலி என்று சொல்லிப் பயிற்சியைத் தவிர்த்தாள். அதை எனக்குச் சொல்லவே அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. இங்கிலாந்து மகளிர் அணியே இந்தக் கவலையை வெளிப்படையாகச் சொல்லி, 2023 உலகக் கோப்பைக்கு முன் வெள்ளை அரைக்கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது. கழகத்தில் கருநிறக் கால்சட்டை ஒன்றை அனைவருக்கும் பொதுவாக்கியிருந்தால் என் மகளுக்கு அந்த ஓராண்டு இழப்பு நேர்ந்திருக்காது.

இரண்டாம் கழகம் அவளைத் தனியாக அழைக்கவில்லை. "உன் தோழிகள் யாராவது வருவார்களா? ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை" என்று கேட்டார்கள். நால்வர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். நால்வரில் மூவர் இன்றும் ஆடுகிறார்கள். ஆகவே ஐயா, உங்களிடம் இருக்கும் மூன்று பெண்பிள்ளைகளையே கேளுங்கள். ஆளுக்கு இரண்டு தோழிகளை ஒரு மாலைப்பொழுது கூட்டி வரட்டும், அவர்களுக்கென்று தனி ஆட்டம் நடக்கட்டும். முடிந்தால் மைதானத்தில் பெண் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். துண்டறிக்கையைப் படித்து முடிவெடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான். பிள்ளைகள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

இன்னும் ஒன்று. என் மகள் தொடர்ந்து இரண்டு பயிற்சிக்குப் போகவில்லை என்றால் புதிய கழகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்துவிடும். கண்டிப்பதற்காக இல்லை, "நலமா, இங்கே தேடினோம்" என்று சொல்வதற்காக. அந்த அழைப்பு பெற்றோருக்கு வர வேண்டும். பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்புவதை எந்தக் கழகமும் அனுமதிக்கக் கூடாது. பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் மட்டும் தனித்திருக்காமல் எப்போதும் இருவர் இருப்பதை எழுத்துமூல விதியாக்கி, சேர்க்கை நாளிலேயே எங்களிடம் காட்டுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகே நான் நிம்மதியாக மகளை விட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கால்சட்டையின் நிறம் என்பது எங்கள் கூட்டங்களில் ஒருநாளும் பேச்சுக்கு வந்ததில்லை. அடுத்த முறை வாங்கும்போது கருநீலமாக மாற்றிவிடுகிறோம்.

ஆனால் சம ஆட்ட நேரம் குறித்து எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எங்கள் பெற்றோரில் பலர் கோப்பையைக் கேட்கிறார்கள். தோற்றுக்கொண்டே இருந்தால் திறமையான பிள்ளைகள் வேறு கழகத்துக்குப் போய்விடுவார்கள் என்று பயிற்சியாளர்களும் அஞ்சுகிறார்கள். 14 வயதைத் தாண்டியவர்களுக்கும் இதே விதிதானா? ஆள் பற்றாக்குறையோடு இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பது?

பதில் 3: நெடுநாள் பயிற்சியாளர்

இந்தத் தயக்கம் நியாயமானது. முதல் பதிலை எழுதிய நண்பரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். போட்டியுணர்வு தவறானதன்று; பிள்ளைகளே அதை விரும்புகிறார்கள். 15, 16 வயதில் கடுமையாக உழைத்தவருக்குக் கூடுதல் நேரம் கிடைப்பதை அவர்கள் நீதியாகவே பார்க்கிறார்கள். அவர்களைப் புண்படுத்துவது காரணம் சொல்லப்படாத முடிவு. பெஞ்சில் உட்கார வைத்தால் ஏன் என்பதையும், எதைச் சரிசெய்தால் இறங்கலாம் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். அந்த வயதில் முடிந்தால் இரண்டு அணிகளாகப் பிரியுங்கள்: வாரம் மூன்று நாள் உழைத்து லீக் ஆட விரும்புபவர்களுக்கு ஒன்று, வாரம் ஒருநாள் நண்பர்களோடு ஆடினால் போதும் என்பவர்களுக்கு ஒன்று. படிப்பு அழுத்தும் வயதில் "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" என்று கழகம் நெருக்கினால், பிள்ளை இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும்.

சிறு வயதில் கோப்பை கேட்கும் பெற்றோருக்கு நான் இரண்டு செய்திகளைச் சொல்வதுண்டு. நார்வே நாட்டின் விளையாட்டு அமைப்பு, சிறுவர் விளையாட்டுக்கான விதிகளை 1987இல் ஏற்றுக்கொண்டது. அங்கே 11 வயதை எட்டும் ஆண்டுக்கு முன் புள்ளிப்பட்டியலோ தரவரிசையோ கிடையாது. இன்றைய நட்சத்திர முன்கள வீரர் எர்லிங் ஹாலண்டு சிறுவனாக ஆடியது அந்த நாட்டின் ஓர் ஊர்க் கழகத்தில்தான். விதி அவரது கோல் பசியைக் குறைத்துவிடவில்லை.

இரண்டாவது செய்தி பிறந்த மாதம். வயது எல்லை ஜனவரி 1 என்றால் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். 10 வயதில் அந்தப் பதினோரு மாதம் உயரத்திலும் வேகத்திலும் பெரிய இடைவெளி. ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகும் இந்தச் சாய்வு, ஐஸ் ஹாக்கி வீரர்களிடையே 1985இல் கவனப்படுத்தப்பட்டு, பின்னர் பல நாட்டு இளையோர் கால்பந்திலும் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. நாம் திறமை என்று தேர்ந்தெடுப்பதில் ஒரு பகுதி முன்னதாகப் பிறந்ததன் பலன்தான். செயலாளர் ஐயா, விலகிய 17 பேரின் பிறந்த மாதத்தைப் பதிவேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆள் பற்றாக்குறைக்கு உங்கள் 15, 16 வயதுப் பிள்ளைகளே பாதி விடை. அணியில் இடம் கிடைக்காத ஒரு பையனிடம் விசிலைக் கொடுத்து 8 வயதினரின் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கச் சொன்னேன். அவன் கழகத்தை விட்டுப் போகவில்லை. சிறியவர்களுக்கும் அண்ணன் ஒருவன் கிடைத்தான். அவர்களிடம் பொறுப்பை ஒப்படையுங்கள், பெரியவர் ஒருவர் அருகில் நிற்கட்டும்.

பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி தருவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் குறித்து 1992இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, தவற்றை எப்படித் திருத்துவது என்று முன்கூட்டியே சொல்லித்தரப்பட்ட பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் 5 விழுக்காட்டினரே அடுத்த ஆண்டு வராமல் நின்றார்கள். மற்றப் பயிற்சியாளர்களிடம் அது 26 விழுக்காடு. இரு தரப்பு அணிகளின் வெற்றி தோல்வியில் பெரிய வேறுபாடு இல்லை. வேறு விளையாட்டுதான், ஆனால் நாற்பதாண்டு மைதான வாழ்க்கையில் நான் கண்டதும் அதுவே. கோல் வாங்கியதும் பயிற்சியாளர் முகத்தைத்தான் பிள்ளை முதலில் திரும்பிப் பார்க்கும். அந்த நொடியில் அவர் கையை உதறுகிறாரா, "அடுத்த பந்து, எழுந்திரு" என்கிறாரா என்பது அந்தப் பிள்ளைக்கு மறக்காது.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பழைய போட்டித் தாள்களை எடுத்து, மாற்று வீரர் இறங்கிய நேரத்தை வைத்து 12 வயதுப் பிரிவின் ஆட்ட நிமிடங்களைக் கணக்கிட்டோம். விலகிய 17 பேரில் 12 பேர், ஆடியதாக நாங்கள் நம்பிய போட்டிகளில் கால் பங்கு நேரம்கூட ஆடவில்லை. பிறந்த மாதத்தைப் பார்த்தபோது 11 பேர் ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள். சிறிய எண்ணிக்கைதான், இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனாலும் எங்கள் பயிற்சியாளர் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "அடுத்த போட்டியிலிருந்து நோட்டை நானே வைத்துக்கொள்கிறேன்" என்றார்.

பயிற்சியில் வரிசைகளைக் குறைத்துவிட்டோம். நால்வர் ஆட்டம் தொடங்கிய முதல் நாளில் கூச்சல் தாங்க முடியவில்லை. கோல் கணக்கு யாருக்கும் நினைவில் இல்லை. பெண்பிள்ளைகள் மூவர் ஐந்து தோழிகளைக் கூட்டி வந்தார்கள், அவர்களில் நால்வர் மறுவாரமும் வந்தார்கள்.

விலகியவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பேசி வருகிறேன். ஜெர்சியைத் திருப்பித் தந்த அந்தத் தந்தையிடமும் பேசினேன். பையன் ஐந்து போட்டிகளில் மொத்தம் 19 நிமிடம் ஆடியிருக்கிறான் என்று போட்டித் தாள்களிலிருந்து கணக்கிட்டதை அப்படியே சொல்லி, தவறு எங்களுடையது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தொலைபேசியை மகனிடம் கொடுத்தார். "சனிக்கிழமை வந்து பார்க்கிறேன், ஆனால் ஆட மாட்டேன்" என்றான். சரி என்றேன். ஜெர்சியை இழுப்பறையிலிருந்து எடுத்து மைதானத்துப் பையில் வைத்திருக்கிறேன்.